எத்தியேன் இறங்கிய தொட்டி

போர்தோ திராட்சைத் தோட்டத்து நிலவறையில், ஒயின் தரகர் மொரேல் அந்தச் சிவப்பு ஒயினை வாயில் உருட்டிப் பார்த்துத் துப்பினார்.

"உங்க தோட்டத்துல இப்படி ஒரு சரக்கு வந்ததே இல்ல, மதாம். இன்னும் முப்பது வருஷம் கெடாம நிக்கும்."

தோட்டத்தின் சொந்தக்காரி சொலாஞ் தன் கோப்பையையே பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், இந்த ஒயினை வடித்த மறுநாள், தொட்டியில் திராட்சைச் சக்கை அள்ள இறங்கிய ஆள், அது புளித்துக் கிளம்பிய விஷவாயுவில் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்க இறங்கிய அவள் கணவன் எத்தியேனும் ஏறி வரவில்லை. அன்றிலிருந்து அவள் இதை வாயில் வைத்ததுமில்லை, விற்றதுமில்லை.

இன்று ஒரு வாய் குடித்தாள். அருமையாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க," என்றாள். "ஒரு பாட்டில்கூட இங்க இருக்கக் கூடாது."