ஷூச்சின் அக்காவின் கொசு

ஷூச்சின் அக்காவுக்கு ஒரு பாட்டு வண்டி உண்டு. சின்ன லாரி, பின்னால் நாலு ஸ்பீக்கர், மேலே பிளாஸ்டிக் தாமரை. எங்கள் கடல் தெய்வமான மாட்சு அம்மன் ஊர்வலத்தில் ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் மைக் என்று ஓட்டிக்கொண்டே பாடுவாள். இந்த வருஷம்தான் பல்லக்குக்கு முன்னால் போகும் இடம் முதன்முறையாக அவளுக்குக் கிடைத்திருந்தது. எங்கள் யுன்லின் வட்டாரம் முழுக்க அதைச் சொல்லித் தீர்த்துவிட்டாள்.

ஊர்வலத்தன்று காலையில் பார்த்தால் ஸ்பீக்கரில் ஒரு கொய்ங். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது. கோயில் தலைவர் திங் காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இதோ பாரும்மா, வர்றது அம்மன். முன்னாடி கொசுவா கத்திக்கிட்டு போகும்? இது நிக்கலேன்னா நீ கடைசி. பட்டாசுக் குப்பை அள்ற வண்டிக்கும் பின்னாடி!"

அக்கா என் எலக்ட்ரிக் கடைக்குப் பறந்து வந்தாள். அந்த வண்டிக்கு ஒயர் இழுத்தவள் நான்தான். என் வேலையில் ஒருத்தர் குறை சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும்.

எஞ்சினை அணைத்தால் சத்தம் இல்லை, போட்டால் கொய்ங். பேட்டரி ஒயரும் பாட்டு வரும் ஒயரும் ஒட்டிப் போகின்றனவோ என்று பிரித்து இழுத்தேன். கொய்ங். பாட்டு ஒயரையே புதிதாக மாற்றினேன். கொய்ங்.

"யாலிங், பேசாம ஆம்ப்ளிஃபயரையே மாத்திடேன்."

"நீ பேசாம இரு, அதுவே போதும்."

மீட்டரை எடுத்து ஆம்ப்ளிஃபயரின் எர்த்துக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவில் வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டியது ஒரு வோல்ட்டைத் தாண்டி நின்றது. எர்த் பிடிக்கவில்லை. சீட்டுக்கு அடியில் ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். எர்த் ஒயரை வைத்து நான் முறுக்கிய போல்ட்டுக்குக் கீழே, நாலாக மடித்த மஞ்சள் தாள்.

"இது என்ன கண்றாவி?"

"வாயைக் கழுவு! அம்மன் கோயில் மந்திரத் தாள். ஒட்டினா பிஞ்சு பிஞ்சு விழுது. இந்த போல்ட்டுதான் கெட்டியா இருந்துச்சு. நேத்து நானே கழட்டி, அடியில வச்சு, நானே முறுக்கினேன்." பெருமை வேறு.

"அக்கா! கரண்ட் திரும்பிப் போற வழி அது. அந்த வழியில போய் அம்மனை உக்கார வச்சிருக்கியே!"

தாளை உருவப் போனேன். கையில் பட்டென்று ஒரு அடி. அம்மனைக் கேட்காமல் எடுக்கக் கூடாதாம். பிறை வடிவக் கட்டைகள் இரண்டைக் கும்பிட்டுத் தரையில் போட்டாள். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சம்மதம். இரண்டும் நிமிர்ந்து விழுந்தன. அப்படி விழுந்தால் அம்மன் சிரிக்கிறாள். மறுபடி போட்டாள். சிரித்தாள். இன்னொரு முறை. இன்னும் சிரித்தாள். கோயிலில் மேளம் தொடங்கிவிட்டது. தலைவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்னாச்சு?"

"அம்மன் சிரிப்பை நிறுத்த மாட்டேங்கிறா, தலைவரே!"

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எடுக்கட்டுமான்னு கேட்டா யாருக்குப் பிடிக்கும்? முன் சீட்டுக்கு வர்றீங்களான்னு கேளுக்கா."

கேட்டாள். ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது. நான் குதித்தேன். தாளை ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டி, போல்ட் இருந்த இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இரும்போடு இரும்பாக ஒயரை முறுக்கினேன். அக்கா ஓங்கி மிதித்தாள். எஞ்சின் உறுமியது. ஸ்பீக்கரில் ஒரு முனகல்கூட இல்லை. என் கிரீஸ் கையைக்கூடப் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"போ, முன்னாடி போ!" என்று தலைவர் கையை வீசினார்.

நானும் ஏறிக்கொண்டேன். பட்டாசு வெடித்தது. அக்கா மைக்கை எடுத்து முதல் வரியைத் தொடங்கினாள். இடைஞ்சல் எதுவும் இல்லாமல், துல்லியமாக, அவள் குரல் மட்டும் தெருவெல்லாம் கேட்டது. அபஸ்வரம். இறங்க வேண்டிய இடத்தில் ஏறியது, ஏற வேண்டிய இடத்தில் வழுக்கியது. அவளுக்கே கேட்டுவிட்டது. நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"யாலிங், இதுக்கு எந்த ஒயரை மாத்தணும்?"

"இது ஒயர் இல்லக்கா. இது நீ."

ஒரு கணம் முறைத்தாள். அப்புறம் மைக் கையில் இருப்பதையே மறந்து வெடித்துச் சிரித்தாள். நாலு ஸ்பீக்கரும் சிரித்தன, தெருவே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தத்தை இன்னும் கூட்டி, அதே வரியை முதலிலிருந்து பிடித்தாள். பல்லக்கு அவள் பின்னால் வந்தது.