அழ ஓர் இடம்

மைனஸ் இருபது வரைக்கும் குளிர் தாங்குமென்று கடைக்காரப் பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி விற்ற சிலீப்பிங் பாக்கை சூட்கேசுக்குள் திணித்து, மேலே முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தார் குகதாசன். யன்னலுக்கு வெளியே, ஒஸ்லோவின் ஓரத்து எல்லிங்ஸ்ருட் பனியில் புதைந்து கிடந்தது. அவர் போகவிருந்ததோ துபாய்ப் பாலைவனத்துக்கு.

"பாலைவனத்துக்கு ஆர் உதைக் கொண்டுபோறது?" குசினிக்குள் நின்றபடியே கேட்டாள் சத்தியபாமா.

"ராவிலை அங்கை குளிரும். விசயம் தெரிஞ்ச நோர்வேக்காரனைக் கேட்டுப் பார்."

"நோர்வேக்காரன் எப்ப பாலைவனத்திலை குடியிருந்தவன்?"

குகதாசன் முழங்காலை இன்னும் பலமாக ஊன்றினார். மனைவியின் கேள்விகளில் பதில் உள்ளவை, பதில் சொல்லத் தேவையில்லாதவை என்று இரண்டு வகை உண்டென்பது அவர் கட்சி. கலியாணமான நாளிலிருந்து இரண்டாவது வகைதான் பெருகிக்கொண்டு வந்தது.

பகலில் அவர் தபால் பிரிக்கும் கூடமொன்றில் வேலை செய்தார். அது சம்பளத்துக்கு. உண்மையான உத்தியோகம் இரங்கலுரை. ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து திராமன் வரை எந்தத் தமிழ் வீட்டில் செத்தவீடு நடந்தாலும் ஐயருக்குச் சொல்வதற்கு முன்னர் குகதாசனுக்குச் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டாலும் வந்துவிடுவார் என்பதால், சொல்லிவிடுவதே மரியாதை என்றாகியிருந்தது. மலிவு விற்பனையில் வாங்கிய நீண்ட கறுப்புக் கோட்டோடு ஒலிவாங்கி முன்னால் நின்று, கண்களை மூடி, "ஆலமரமொன்று சாய்ந்துவிட்டது" என்று தொடங்குவார். சாய்ந்தவர் உயிரோடிருந்த காலத்தில் பலத்த காற்றுக்கே வீட்டைவிட்டு வெளிக்கிடப் பயந்த மெலிந்த மனிதராக இருக்கலாம். ஆலமரம்தான். சண்முகலிங்கத்தின் மாமியாரும் ஆலமரம், தலைமயிர் வெட்டுகிற கடை வைத்திருந்த சச்சிதானந்தனும் ஆலமரம். கேட்டிருக்கும் பெண்கள் விம்முவார்கள். குகதாசன் விம்மியதில்லை. தொழில் தெரிந்தவன் பதறுவதில்லை.

மார்கழி தொடங்கிய கையோடு அவருக்கே ஒரு சாவுச் செய்தி வந்தது. வவுனியாவிலிருந்து நேசமணி மச்சாள் போன் எடுத்தாள். வன்னியில், பெருமழை வெள்ளத்துக்குள், தறப்பாள் கொட்டிலுக்குள் புகுந்த பாம்பு கமலேஸ்வரி அக்காவைக் கடித்துவிட்டது. மருந்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை தண்ணீருக்குள் கிடந்திருக்கிறது. நாலு பக்கமும் ஷெல் விழுந்த இடத்தில் அக்காவுக்கென்று வந்தது ஒரு பாம்பு. பாதிரியார் ஒருவர் மூலம் நேசமணிக்குச் செய்தி கிடைப்பதற்குள் எரித்தும் ஆகிவிட்டது.

தாயில்லாத வீட்டில் குகதாசனையும் தம்பி யோகராசாவையும் வளர்த்தவள் அக்கா. இரண்டு பேரையும் கரைசேர்த்துவிட்டுத் தன் கலியாணத்தைப் பார்க்கலாம் என்றிருந்தவள். அவர்கள் கரைசேர்ந்தபோது ஒருவன் பனியிலும் மற்றவன் மணலிலுமாகச் சேர்ந்திருந்தார்கள். அதற்குள் அவளுக்கு வயது போய்விட்டது.

"தம்பிக்கு மட்டும் போனிலை சொல்லிப்போடாதேங்கோ. சத்தியம் பண்ணுங்கோ," என்று நேசமணி அழுதாள். "தனியக் கிடக்கிற பெடியன். பக்கத்திலை பிடிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்."

பெடியனுக்கு நாற்பத்தைந்து வயது. ஆனாலும் அவள் சொன்னது ஒழுங்கான கதை. வெளிநாட்டில் தனியாக இருக்கிறவனுக்குச் சாவைப் போனில் சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை. முதலில் 'கொஞ்சம் சுகமில்லை' என்பது. பிறகு 'கொஞ்சம் கடுமை' என்பது. அதற்கிடையில் யாரையாவது அவன் பக்கத்துக்கு அனுப்பிவைப்பது. போனவர் தேத்தண்ணி குடித்து, ஊர்ப் புதினம் கதைத்து, மெல்லத் தோளில் கையை வைத்தபிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். யாரும் எழுதிவைக்காத சட்டம் இது. இதுவரை யாரும் மீறியதாகவும் கேள்வியில்லை.

துபாயில் யோகராசாவுக்கு அப்படி அனுப்ப ஆளில்லை. ஹோட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற லோண்டரியில் அவனுக்கு வேலை. இருப்பிடம், ஆட்கள் முறைமாறி வந்து படுக்கிற அடுக்குக் கட்டில்கள் நிறைந்த ஓர் அறை. இரவு வேலை முடித்துத் தூங்குகிறவனுக்குப் பக்கத்தில் நின்று ஒருவன் தன் அக்காவுக்காக வாய்விட்டு அழ முடியாது. ஹோட்டலில் அறை எடுத்து அங்கே வைத்துச் சொல்லலாமென்றால், பக்கத்து அறைக்காரன் வரவேற்பு மேசைக்குப் போன் அடிப்பான்.

"அவனுக்கு அழ ஒரு இடம் வேணும்," என்றார் குகதாசன். அவர் வாயிலிருந்து அலங்காரமே இல்லாமல் ஒரு வசனம் வந்ததில் சத்தியபாமா திரும்பிப் பார்த்தாள்.

மகள் கம்சாயினிதான் கணினியில் தேடிப் பிடித்தாள். "பப்பா, இஞ்சை பாருங்கோ. துபாயிலை இருந்து ஜீப்பிலை பாலைவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போவினம். சாப்பாட்டோடை முக்காவாசிப் பேர் திரும்பியிடுவினம். ராவிலை தங்கிறது கொஞ்சப் பேர்தான். ஹெல்ட் ஸ்தில்லெ, ஒரு சத்தமும் இராது."

அப்படித்தான் இரண்டு பேருக்கு ஓரிரவுக் கூடாரம் பதிவானது. துக்கம் சொல்லப் போகிற பயணம்தான். என்றாலும் திரும்பி வந்து சொல்வதற்குக் கையில் ஒரு பாலைவனம் இருக்கப்போவது குகதாசனுக்குப் பிடித்திருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்து யோசெப்பின் ரீச்சரிடம் போகிற போக்கில் "ஒரு பாலைவன அனுபவத்துக்காக" என்றுகூடச் சொல்லிவைத்தார்.

"மாத்திரையை மறக்காதேங்கோ," என்று சொல்லி மாத்திரைப் பையைச் சட்டைப் பொக்கற்றில் வைத்தாள் சத்தியபாமா. போன வருடம்தான் அவருடைய இருதயக் குழாயில் சின்ன வலையொன்று வைத்திருந்தார்கள். "துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் மச்சம் மாமிசம் இல்லை. அங்கை போய் ஆட்டைக் கண்டிட்டுக் கையை நீட்டிப்போடாதேங்கோ."

"எனக்கு நீ சொல்லவேணுமோ? அவன் சாப்பிடட்டும். முதல் வயிறாரச் சாப்பிடட்டும், பிறகு சொல்லுறன். கேட்டாப் பிறகு அவனும் தொடமாட்டான்."

துபாய் விமானநிலையத்தில் தாடியும் மெலிந்த கன்னமுமாக ஒரு மனிதன் அவரைக் கட்டிப்பிடித்தான். சட்டை மட்டும் கத்திபோல மடிப்புக் குலையாமல் இருந்தது. லோண்டரிக்காரனின் சட்டை. இருபது வருடத்துக்கு மேல் காணாத முகத்தில் குகதாசன் தம்பியைத் தேடிக்கொண்டிருக்க, அவன் கேட்ட முதற் கேள்வி, "அண்ணை, நெஞ்சு நோ ஒண்டும் இல்லையோ?"

"எனக்கென்னடா? குதிரை மாதிரி இருக்கிறன். நீ என்ன, துபாயிலை சவரக்கத்தி விக்கிறேல்லையோ?"

"நேரமில்லை, அண்ணை."

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பின்னேரம் மலையாளச் சாரதியொருவன் ஜீப்போடு வந்தான். மணல் தொடங்குகிற இடத்தில் இறங்கி நாலு ரயரிலும் பாதிக் காற்றைத் திறந்துவிட்டான். காற்று இறங்காதவன் மணலில் ஓடமுடியாது, புதைந்துபோவான் என்று விளக்கம் சொன்னான். குகதாசன் அதைத் தன்மேல் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் மணல்மேட்டில் "பயப்பிடாதை தம்பி" என்றார். இரண்டாவதில் யன்னல் பிடியைப் பற்றினார். மூன்றாவதில் யோகராசா நீட்டிய பொலித்தீன் பையை வாங்கிக்கொண்டார். முதுகைத் தடவிவிட்டபடி யோகராசா சாரதியிடம் மெல்லப் போகச் சொல்லிக் கெஞ்சினான். "ஹார்ட் பேஷன்ட், சேட்டா."

முகாமில் கம்பளங்கள், தரையோடு பதிந்த மேசைகள், நாலு ஒட்டகம், ஐம்பது அறுபது உல்லாசப் பயணிகள். அழ இடமென்று அவர் பதிவுசெய்த இடத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. மணிகள் குலுங்க ஆடிவந்த நடனக்காரி கூட்டத்துக்குள் சரியாகக் குகதாசனின் கையைப் பிடித்து இழுத்தாள். மறுத்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஒஸ்லோவின் அத்தனை பிரேதப்பெட்டிகளுக்கு முன்னாலும் நிமிர்ந்து நின்றவர், துடக்கு உடம்போடு, அரபுப் பாட்டுக்கு இடுப்பை அசைத்தார். "அண்ணை, விடாதேங்கோ!" என்று யோகராசா கைதட்டிச் சிரித்தான். பாவம், ஒன்றும் தெரியாமல் சிரிக்கிறானே என்று நினைத்துக்கொண்டே குகதாசன் இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

பிறகு சாப்பாடு. ஆட்டிறைச்சி தணலில் வாட்டுகிற மணம் முகாமை நிறைத்தது. இறைச்சிக்கு ஒரு வரிசை, மரக்கறிக்கு ஒரு வரிசை. குகதாசன் நைசாக மரக்கறி வரிசைக்குள் நுழைந்து, தட்டில் சோறும் கடலைப் பசையும் வாங்கிக்கொண்டு திரும்பினால், பின்னால் தட்டோடு யோகராசா.

"நீ எங்கையடா இஞ்சை? ஆடு அங்கையெல்லோ."

"வயித்துக்கை ஒரு மாதிரிக் கிடக்கு, அண்ணை. நீங்கள் போய் எடுங்கோவன்."

"எனக்கு வெள்ளி."

"நீங்கள் எப்ப தொட்டு வெள்ளி பிடிக்கிறியள்? சின்னனிலை வெள்ளிக்கிழமையிலை கருவாடு கேட்டு அக்காவோடை..." அவன் நிறுத்திவிட்டான். கரண்டியால் சோற்றைக் கிண்டினான். "மாத்திரை போட்டியளோ?"

"ஒரு துண்டெண்டாலும் சாப்பிடடா," என்றார் குகதாசன். அவருடைய திட்டம் கண்முன்னே குலைந்துகொண்டிருந்தது. ஆட்டெலும்பைச் சப்பி உறிஞ்சுவதில் ஊரில் இவனை வெல்ல ஆளில்லை. தானே போய் இரண்டு துண்டு எடுத்துவந்து தம்பியின் தட்டில் போட்டார். யோகராசா தட்டைச் சட்டென்று இழுக்க, ஒரு துண்டு மணலில் விழுந்தது. மற்றது சோற்றின் மேல் விழுந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் தேத்தண்ணி வாங்கிவந்து குடித்தான். அந்தச் சோற்றை அவன் அதன்பிறகு தொடவில்லை.

அப்போதுதான் குகதாசனுக்கு விளங்கியது. மழிக்காத தாடி. மச்சம் பட்ட சோற்றைத் தொடாத கை. நொடிக்கொரு தரம் நெஞ்சையும் மாத்திரையையும் பற்றிய விசாரிப்பு. நேசமணி மச்சாள்! தம்பிக்குச் சொல்லாதேங்கோ என்று தன்னிடம் சத்தியம் வாங்கிய அதே வாயால், அண்ணைக்குச் சொல்லாதை, அவருக்கு நெஞ்சு வருத்தம் என்று இவனிடமும் போனிலேயே வாங்கியிருக்கிறாள். கைதட்டிச் சிரித்தவன் ஒன்றும் தெரியாமல் சிரிக்கவில்லை. இவனும் பக்கத்தில் நின்று பிடிப்பதற்காகத்தான் வந்திருக்கிறான்.

'எனக்கும் தெரியுமடா' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வாயைத் திறந்தார். நாக்கில் வந்து நின்றது ஆலமரம். வாயை மூடிக்கொண்டார். எதிரே யோகராசா, பரீட்சைக்குப் பாடமாக்குகிற பிள்ளைபோல உதடு அசைய, வசனம் அடுக்கிக்கொண்டிருந்தான். வீட்டில் எந்தச் செய்தியையும் அவன் முதலில் சொன்னதில்லை. சொல்ல விட்டதில்லை. அண்ணன் முந்திக்கொண்டுவிடுவான். குகதாசன் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.

ஜீப்புகள் போனபிறகு கம்சாயினி சொன்ன அமைதி வந்தது. கூடாரத்துக்குள் மைனஸ் இருபது பைக்குள் வேர்த்துக்கொண்டு கிடந்தார் குகதாசன். அருகில் தம்பி புரள்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் நித்திரை கொள்வதுபோல நன்றாக நடித்தார்கள்.

கிழக்கு வெளுக்கத் தொடங்கும்போது யோகராசா எழுப்பினான். "அண்ணை, வாங்கோ. சூரியன் வாறதைப் பாப்பம்."

மணல்மேட்டு உச்சியில் அவரை இருத்தினான். தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

"மாத்திரையைப் போடுங்கோ."

"சாப்பிட்டாப் பிறகெல்லோ போடுறது."

"இப்ப போடுங்கோ."

போட்டார். யோகராசா அவருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. பின்னால் முழந்தாளிட்டு, முதுகோடு ஒட்டி, சரிந்தால் தாங்குகிற மாதிரி இருந்தான். கை மெல்லத் தோளுக்கு வந்தது.

"அண்ணை... அக்காவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம்."

"ம்."

"கொஞ்சம் கடுமையாம்."

"ம்."

பிறகு காதுக்குப் பின்னால், "அக்கா போயிட்டா, அண்ணை."

தெரிந்த செய்திதான். தெரியாதவனாக இருந்து கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய யோசனை. நடிப்பது பெரிய வேலையல்ல என்று நினைத்திருந்தார். "என்னெண்டடா?" என்று கேட்டபோது குரல் அவர் போட்ட சுருதியில் வரவில்லை.

யோகராசா சொன்னான். மழை, கொட்டில், பாம்பு, பாதையில் தண்ணீர். அவ்வளவும் நேசமணி சொன்னதுதான். பிறகு சொன்னதை நேசமணி அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"கடிச்சாப் பிறகும் கொஞ்ச நேரம் கதைச்சுக்கொண்டுதானாம் இருந்தவ. பாதர் பக்கத்திலை நிண்டவராம். 'பெரியவனுக்கு உடனை சொல்லிப்போடாதேங்கோ' எண்டவவாம். 'அவன் சரியான பயந்தவன். சின்னவன் பக்கத்திலை நிக்கேக்கை சொல்லுங்கோ' எண்டு..."

குகதாசன் வாயைத் திறந்தார். எத்தனை மண்டபங்களை நிறைத்த வாய். அதிலிருந்து சொல்லென்று ஒன்றும் வரவில்லை. இருட்டில் வெளியே போகப் பயந்து அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுகிற ஒரு சிறுவனின் சத்தம் வந்தது, மணலுக்கு மேலே வெகுதூரம் போனது, எதிலும் முட்டித் திரும்பி வரவில்லை. "அண்ணை, அண்ணை" என்று இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்த யோகராசாவும் அதற்குமேல் தாங்கமாட்டாமல் அவருடைய முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

கீழே கூடாரங்களிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். போர்வையைச் சுற்றிக்கொண்ட வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி கமராவோடு மேட்டில் பாதி ஏறி வந்து நின்றாள். சூரியன் எழவிருந்த இடத்தில், வானத்தை மறித்துக்கொண்டு, அந்த இரண்டு தலைகள். அவர்கள் எழும்பட்டுமென்று அவள் மரியாதையாகக் காத்திருந்தாள். குளிருக்குக் கால்மாற்றி நின்றாள். விளிம்பு சிவந்து, தலைகளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வழியத் தொடங்கியபோது, கமராவை ஒருமுறை உயர்த்தி, பிறகு இறக்கி, அதன் மூடியைத் தேடிப் போர்வைக்குள் கையை விட்டாள்.