கம்பியைக் கழற்றிய ஞாயிறுகள்

இத்தாலியில் மொதெனா நகருக்கு வெளியே, எர்மெஸின் கொட்டகையில் இரண்டு பழைய கார்கள் நின்றன. ஒன்று சிவப்பு ஃபெராரி டேடோனா, இன்னொன்று ஆரஞ்சு நிற லம்போர்கினி மியூரா. இரண்டில் ஒன்றை வாங்கத்தான் போலோஞ்ஞாவிலிருந்து மலகூத்தி வந்திருந்தார். அரிய கார்களாகத் தேடிச் சேர்ப்பவர். காலையில் டேடோனாவை மலைப்பாதையில் ஓட்டிவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பியிருந்தார்.

"ஓட்டறதுக்கு இதுதாங்க. நேர் ரோட்டுல விட்டா பிச்சிக்கிட்டுப் போகுது. மியூராவுல இன்ஜின் முதுகுக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு காதைக் கிழிக்கும். வேகம் ஏறினா மூக்கு வேற தூக்கும்."

"அப்ப டேடோனாவையே எடுத்துக்குங்களேன்," என்றாள் எர்மெஸின் மனைவி நீவெஸ், காபியை வைத்தபடி.

"அதுல லட்சம் கிலோமீட்டருக்கு மேல ஓட்டியிருக்கீங்களேம்மா! மியூராவைப் பாருங்க, மீட்டர் ஒன்பதாயிரத்துல நிக்குது. இதுக்குத்தான் என்னை மாதிரி ஆளுங்க அடிச்சிப்போம்."

ஓடாத காருக்குத்தான் இவர்களிடம் மவுசு. ஓடுவதற்கென்றே பிறந்த ஒன்றைப் பூட்டி வைத்தவனுக்குப் பாராட்டு, ஆசை தீர ஓட்டியவனுக்கு இளப்பம். இந்தக் கூத்தை என்னவென்று சொல்வது!

எர்மெஸுக்குத்தான் உண்மை தெரியும். மீட்டருக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டால் கார் எவ்வளவு ஓடினாலும் எண் நகராது. நீவெஸ் ஆஸ்பத்திரி வேலைக்குப் போன ஞாயிறுகளில் அவன் கம்பியைக் கழற்றுவான், மகள் இலாரியா பக்கத்து இருக்கையில் ஏறிக்கொள்வாள். மியூராவின் விலை குறையக் கூடாது, அது அவளுக்காகச் சேர்த்து வைத்த சொத்து என்பான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று இருவருக்கும் பேச்சு. மூன்று வருடத்துக்கு முன் காய்ச்சல் ஒன்று வந்து, அவளைக் கொண்டு போயிற்று. அன்றிலிருந்து நீவெஸ் மகளின் பெயரைச் சொன்னதில்லை.

பேரத்தை முடிக்க மலகூத்தி கையை நீட்டினார். "ஒரு வார்த்தை போதும், எர்மெஸ். இந்த மீட்டர் நிஜந்தானே?"

ஆமாம் என்றால் முடிந்தது. ஆனால் ஆமாம் என்றால், அந்த ஞாயிறுகள் நடக்கவே இல்லை என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும்.

"இல்லீங்க. பொய். கம்பியைக் கழட்டிட்டு ஓட்டினேன், வருஷக்கணக்கா. எம் பொண்ணு கூட."

மலகூத்தி கையை மெல்ல மடக்கிக்கொண்டார். மியூராவை ஒரு முறை ஏக்கத்தோடு பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. "சரி. டேடோனாவைப் பத்தியே பேசுவோம். நாளைக்கு வர்றேன்," என்று சொல்லிக் கிளம்பினார்.

நீவெஸ் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. திட்டப்போகிறாள் என்று எர்மெஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கெல்லாம் போனீங்க?"

"மலைக்கு. ஒரு தடவை கடல் வரைக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, பாவி."

"சொல்லல."

அவள் மியூராவின் கதவைத் திறந்து, மகள் உட்கார்ந்த இருக்கையில் உட்கார்ந்தாள்.

"கடலைப் பாத்ததும் இலாரியா என்ன சொன்னா?"