பாலகணேஷுக்காக ஒரு பாட்டு

பாலகணேஷ் நல்லவன் என்று சொல்லக்கூடிய ஆளைத் தேடிப் போனால், திருவொற்றியூரை மூன்று சுற்று சுற்றிவிட்டுக் கடைசியில் அவன் அம்மா இசக்கியம்மாளிடம்தான் வந்து நிற்க வேண்டும். அவளும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, புருஷன் போன பிறகும் மளிகைக் கடையைத் தனியாக நடத்தி அவனைப் படிக்க வைத்தவள். கடையை மூடிய பிறகு மகனின் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடும்படி ஆகிவிட்டது. அதை அவன் மாதம் ஒருமுறையாவது அவளுக்கு ஞாபகப்படுத்துவான்.

அவன் வேலை பார்த்தது ஒரு பாட்டுக் கம்பெனியில். சினிமாப் பாட்டுகளின் உரிமை அவர்களிடம் இருந்தது. எந்த ரேடியோவாக இருந்தாலும் அந்தப் பாட்டைப் போட வேண்டுமென்றால் கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். வாங்காமல் போடுகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுப்பதுதான் பாலகணேஷின் பிழைப்பு. அதை அவன் ரசித்தே செய்தான்.

2008-இல் வியாசர்பாடி ஹவுசிங் போர்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு சமூக வானொலி ஆரம்பித்தார்கள். போர்டு ரேடியோ என்று ஜனங்கள் பேர் வைத்துவிட்டார்கள். அதை நடத்தியவள் யசோதரா, ரயில்வேயில் கலாசியாக இருந்தவரின் மகள். தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு, ரேஷனில் பாமாயில் வந்ததா, நேற்றைய கால்பந்து மேட்சில் கோல் போட்டது யார் என்பதெல்லாம்தான் நிகழ்ச்சி. கேட்டவர்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சினிமாப் பாட்டு எப்போது போடுவீர்கள் என்றார்கள்.

யசோதரா முறைப்படி கம்பெனிக்கு வந்தாள். காலையில் வந்தவளை மத்தியானம் வரை உட்கார வைத்தான் பாலகணேஷ். எழுந்து போய்விடாமல் இருக்க நடுவில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். பிறகு, பெரிய எஃப்.எம். நிலையங்களுக்கு என்ன ரேட்டோ அதையே சொன்னான்.

"விளம்பரமே இல்லாத ரேடியோ சார் எங்களுது. கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க."

"கம்பெனி ரூல்மா. எல்லாருக்கும் ஒரே ரேட்டுதான்."

"அப்ப வேணா சார். பாட்டு இல்லாமலே ஓட்டிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, டீக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்னபடி ஓட்டியும் காட்டினாள். கம்பெனிக்கு எரிந்தது அங்கேதான். மேனேஜர் பாலகணேஷைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இவளைப் பாத்து மத்த ஊர் சின்ன ரேடியோக்காரங்களும் பாட்டே வேணாங்குறாங்க. ஒருத்தர் மேல கேஸ் விழுந்தா மீதிப் பேர் தானா வந்து கையெழுத்துப் போடுவாங்க. மாசக் கடைசிக்குள்ள அவ ஒரு பாட்டுப் போட்டதை டேப்புல கொண்டு வா. இல்லேன்னா நீ வேற வேலை தேடிக்கோ."

பாலகணேஷ் ரேடியோவும் டேப்புமாக உட்கார்ந்தான். அந்தப் பெண்கள் கெட்டிக்காரிகள். யாராவது போனில் சினிமாப் பாட்டை முணுமுணுத்தால்கூட யசோதரா லைனை வெட்டிவிடுவாள். தெருவில் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போனால் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்கும். ஒரு நோட்டீஸ் வந்தால் மைக்கை அமர்த்திவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் இளகுகிற இடம் ஒன்றுதான் இருந்தது. காலையில் வரும் சாவு அறிவிப்பு. யார் இறந்தார்கள், எப்போது எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, அந்தப் பகுதிப் பையன்களே பாடிய கானா ஒன்றைப் போடுவார்கள். ஒரு நாள், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அவனுக்குப் பிடித்த சினிமாப் பாட்டைக் கேட்டாள். யசோதரா முடியாது என்றாள். சொல்லிவிட்டு மைக்கிலேயே அழுதாள். பாலகணேஷ் டேப்பை நிறுத்திவிட்டு எழுந்தான். வழி கிடைத்துவிட்டது.

முதலில் அவனே வேறு பேரில் போன் செய்து, அப்பா இறந்துவிட்டார் என்று அழுது பார்த்தான். எடுபடவில்லை. பெற்றவள் அழுதால்தான் வேலைக்காகும் என்று புரிந்தது. அம்மாவிடம் வந்தான்.

இசக்கியம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வெற்றிலையைத் துப்பினாள். "பெத்த வாயால புள்ள செத்துட்டான்னு சொல்லச் சொல்லுதியோ? உனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கால?"

"சும்மா போன்ல ரெண்டு வார்த்தைம்மா. வேற பேர் சொல்லு. வேற ஊர் சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். பட்டினி கிடந்தாலும் சொல்ல மாட்டேன்."

"வேலை போச்சுன்னா நேரா ரயிலுக்குத் தலை குடுக்கத்தான் போவேன். இப்பப் பொய்யா ஒரு தடவை சொல்லு. இல்லேன்னா நெசமாவே சொல்ல வச்சிருவேன்."

பெற்ற தாயிடம் இப்படிப் பேசுகிறவன் உருப்படுவானா என்று கேட்கலாம். பேசினான். அவள் இரவெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். காலையில் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். அவன் பின் அறையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் டேப்பை ஓடவிட்டுக் கதவைச் சாத்தினான்.

சொல்லிக் கொடுத்த பேர் அவளுக்கு மறந்துபோனது. ஊரும் மறந்துபோனது. இல்லாத ஒருவனுக்காக அழ அவளுக்கு வரவில்லை. "எம்புள்ள பாலகணேஷ் போயிட்டான் தாயி" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பாட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தான் என்றும் சொல்லிவிட்டாள். திருவொற்றியூரில் எந்தச் சந்து, எந்தக் காம்பவுண்டு என்று யசோதரா கேட்டதற்கெல்லாம் உண்மையையே சொன்னாள். கடைசியில் அவனுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டாள்.

உள்ளே பாலகணேஷ் தலையில் அடித்துக்கொண்டான். எல்லாம் கெட்டது என்று நினைத்தான். ஆனால் ரேடியோவில் யசோதராவின் குரல் தழுதழுத்தது. "அந்த சாரா? எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரேம்மா." பக்கத்தில் யாரோ ஒரு பெண், "அவங்க ஆளுக்கு அவங்க பாட்டு. இதுக்குப் போயா கேக்கப் போறானுங்க? போடு யசோ" என்று சொன்னது மைக்கில் விழுந்தது.

பாட்டு வந்தது. முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை முழுப் பாட்டும் வந்தது. பாலகணேஷ் துள்ளிக் குதித்தான். டேப்பைக் கூரியரில் கொடுத்துவிட்டு வந்து மேனேஜருக்குப் போன் செய்தான். நோட்டீஸ் இன்றைக்கே போய்விடும், உன் வேலை இனி நிரந்தரம் என்றார் அவர். அதை அம்மாவிடம் சொன்னான்.

மத்தியானம் காம்பவுண்டு வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. யசோதராவும், போர்டில் மீன் விற்கும் பச்சையம்மாவும் ரோஜா மாலையோடு இறங்கினார்கள். சாவு என்று கேட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்திருக்கிற ஜனமில்லை அது. பாலகணேஷுக்கு அது தெரிந்திருக்கவில்லை. பின் அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். பகல் நேரமாகையால் மற்ற போர்ஷன்களில் ஆளில்லாதது அவன் அதிர்ஷ்டம்.

"பாடி எங்கம்மா?" என்றாள் பச்சையம்மா.

"எடுத்தாச்சு" என்றாள் இசக்கியம்மாள்.

மாலையைப் போட ஒரு போட்டோ கேட்டார்கள். அவள் அலமாரியிலிருந்து மகனின் படத்தை எடுத்து வந்து சுவரில் சாய்த்து வைத்தாள். பச்சையம்மா அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். ராசா என்றும் தொரை என்றும் கதவுக்கு அந்தப் பக்கம் தன்னைச் சொல்லி அழுவதைக் கேட்டு பாலகணேஷுக்குச் சிரிப்பு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அந்தப் பாட்டுனால உங்களுக்கு ஏதும் தொந்தரவு வருமா தாயி?" என்று இசக்கியம்மாள் கேட்டது காதில் விழுந்தது. அவன் சிரிப்பு நின்றது.

"ஒண்ணும் வராதும்மா" என்றாள் யசோதரா. "சாருக்காகத்தானே போட்டோம். அவங்களும் மனுஷங்கதானே."

"இன்னாத்துக்கு இப்போ அதெல்லாம்? நீ மொதல்ல ஒரு வாய் சாப்புடு" என்று பச்சையம்மா கையோடு கொண்டுவந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவளுக்கு ஊட்டினாள்.

இசக்கியம்மாள் வாங்கிக்கொண்டாள். சொல்லிவிடுவாளோ என்று கதவில் காதை வைத்துக்கொண்டு அவன் நின்றான். அவள் சொல்லவில்லை. மகனைக் காட்டிக்கொடுக்கும் தைரியம் அவளுக்கு இல்லை. அதுகூட இல்லாமல் போயிற்றே என்றுதான் அவள் அழுதாள். வந்தவர்கள் அதைப் பிள்ளைக்கான அழுகை என்று நினைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

ஆட்டோ கிளம்பிய பிறகு அவன் வெளியே வந்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நடிப்புல பின்னிட்டியேம்மா" என்றான். அவள் கொல்லைக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு வாளியும் துடைப்பமுமாக வந்தாள்.

"வீட்டைக் கழுவி விடணும். வெளிய நில்லு."

இதுவும் அம்மாவின் பைத்தியங்களில் ஒன்று என்று நினைத்துக்கொண்டு அவன் வாசலில் இறங்கி நின்றான். அவன் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் சத்தம் கேட்டது. காலுக்குச் செருப்பில்லை, சட்டையும் இல்லை, போன் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. வாசல் தரை காலைச் சுட்டது. அவன் கதவைத் தட்டினான்.

"யாரு?"

"நான்தாம்மா. பாலு. கதவைத் திற."

துடைப்பச் சத்தம் நின்றது. அறியாத ஆளிடம் பேசுகிற மரியாதையோடு இசக்கியம்மாளின் குரல் வந்தது.

"பாலு காலையிலயே போயிட்டான். ரேடியோல சொன்னாவல்லா, நீரு கேக்கலியா?"

அவன் மறுபடி தட்டினான். உள்ளே அடுத்த வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவ ஆரம்பித்திருந்தாள்.