துபாஷி ஏறிய படகு

ராஜவேலுவைக் கடல் கொண்டுபோய்விட்டது என்றுதான் கோட்டைக்குப்பத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவன் பெண்சாதி பச்சையம்மா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. "கடல் இல்ல. துபாஷி வீரராகவன் கொன்னான்" என்றாள். கேட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தருக்கும் ஊருக்கும் நடுவில் நின்று பேசுகிறவன் துபாஷி. கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகிற படகு வேலை முழுக்க அவன் கையில் இருந்தது. அவனைப் பகைத்துக்கொண்டு குப்பத்தில் யார் உலை வைக்க முடியும்?

நடந்தது ஐப்பசியில். ஆழக்கடலில் ஒல்லாந்தர் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. ஏரி கடலோடு கலக்கிற முகத்துவாரத்தில் அலை மேல் அலையாக உடைந்துகொண்டிருந்தது. படகுக்காரர்கள் துடுப்பை மணலில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வீரராகவன் கரைக்கு வந்தான்.

"நாளைக்குக் கப்பல் கிளம்புது. துணிக்கட்டு இன்னிக்கே ஏறணும். நீங்க போகலைன்னா போங்க, எனக்கு இன்னா? நாகப்பட்டணத்துல சாவகத்துத் தீவுக்காரங்க சும்மா குந்திக்கினு இருக்காங்க. கூப்பிட்டா ஓடி வருவாங்க. அப்புறம் உங்க படகை உடைச்சு அடுப்புல வெச்சுக்கங்க."

ஐந்து பேர் எழுந்தார்கள். அதில் ராஜவேலு ஒருவன். பச்சையம்மா ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள்.

"உடு. இன்னிக்கு நான் ஏறலைன்னா நாளைக்கு என் எடத்துல தீவுக்காரன் குந்தியிருப்பான். அப்பறம் இன்னா தின்றது?" என்று கையை உதறிவிட்டுப் போனான்.

நாலு பேர் நீந்திக் கரையேறினார்கள். ராஜவேலு மூன்றாம் நாள் காட்டுப்பள்ளிக் கரையில் ஒதுங்கினான். முகத்தை மீன் தின்றிருந்தது. தோளில் இருந்த தழும்பை வைத்துத்தான் பச்சையம்மா அடையாளம் சொன்னாள்.

துணிக்கட்டு போனதற்குக் கோட்டையில் துபாஷி ஒரு காரணம் சொன்னான். குப்பத்து ஆட்கள் குடித்துவிட்டுப் படகு ஏறினார்களாம். தை மாதம் பதினாலு தீவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். எதற்குப் பயந்து ராஜவேலு செத்தானோ, அவன் செத்த பிறகும் அது நடந்தது.

குப்பம் கொதித்தது. ராஜவேலுவின் அண்ணன் தருமன் எல்லோரையும் கூட்டி ஒரு கட்டுப்பாடு போட்டான். மழைக்காலம் முடிந்தால் முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறிவிடும். எங்கே ஆழம், எங்கே திட்டு என்று உள்ளூர்க்காரனுக்குத்தான் தெரியும். "தீவுக்காரனுக்கு எவனும் வழி காட்டக் கூடாது. நாலு தடவை தரை தட்டினா தானா ஓடிடுவான்" என்றான் தருமன்.

இரண்டாவது தடவை தரை தட்டியதும் துபாஷி ஆள் தேடினான். பச்சையம்மா போய் நின்றாள்.

அவளுக்கு இறால் தடவுகிற வேலை. இடுப்பளவுத் தண்ணீரில் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பாள். பத்து வயதிலிருந்து அந்தத் தண்ணீரில் நிற்கிறவள். திட்டு ஒரு முழம் நகர்ந்தாலும் அவள் பாதத்துக்குத் தெரியும்.

"உன் புருஷன் போனது எனக்கும் வருத்தந்தான். மனசுல ஒண்ணும் வெச்சுக்கலியே?" என்றான் வீரராகவன்.

"வெச்சுக்கினா வயிறு ரொம்புமா சாமி?"

அவன் சிரித்தான். அன்றைக்கே இரண்டு மூங்கில் கழிகளை அவளிடம் கொடுத்தார்கள். ஏரிப் பக்கம் ஒன்று, கடல் பக்கம் ஒன்று என்று அவள் நடவேண்டும். இரண்டையும் ஒரே கோட்டில் பார்த்து ஓட்டினால் படகு ஆழத்திலேயே போகும்.

அன்று சாயங்காலம் தருமன் அவள் வாசலில் வந்து காறித் துப்பினான். "என் தம்பி எடத்துல குந்தினவனுக்கு வழி காட்டறியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"கொஞ்ச நாள் பொறு மாமா" என்றாள்.

"இன்னாத்துக்குப் பொறுக்கணும்?"

அவள் சொல்லவில்லை. சொன்னால் அவன் தடுக்கமாட்டான், ஆனால் நாலு பேரிடம் சொல்லுவான். குப்பத்துப் பெண்கள் அவளோடு தண்ணீருக்கு வருவதை நிறுத்தினார்கள். தனியாகவே போனாள்.

நாற்பது நாள் கழியைச் சரியாக நட்டாள். திட்டு நகர நகர மாற்றி நட்டாள். ஒரு படகுகூடத் தரை தட்டவில்லை. தீவுக்காரர்களின் தண்டல், அதாவது படகுத் தலைவன், கர்த்தா என்பவன். நாகப்பட்டணத்தில் இரண்டு வருஷம் இருந்ததால் உடைந்த தமிழ் பேசுவான். "இங்க படகு ஓட்ட ஆள் இல்ல, எல்லாம் ஓடிப் போச்சு, அப்படிச் சொன்னான் துபாஷி" என்று ஒருநாள் அவளிடம் சொன்னான். கரையில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்த குப்பத்து ஆட்களைக் காட்டி, "இத்தனை பேர் இருக்கு" என்று கையை விரித்தான். தீவுக்காரர்களில் சூரோ என்று நரைத்த தலைக்காரன் ஒருவன் இருந்தான். அவளிடம் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தைதான் அவனுக்குத் தெரியும். படகு அவளைக் கடக்கும்போதெல்லாம் "இறால்! இறால்!" என்று கத்திவிட்டுப் போவான். பச்சையம்மா திரும்பிப் பார்க்கமாட்டாள்.

பங்குனியில் புதுக் கப்பல் வந்தது. அதன் தலைவனுக்குச் சால்வையும் மற்ற வெகுமதிகளும் கொடுக்க வீரராகவன் தானே போகப்போகிறான் என்று செய்தி வந்தது. அவன் கடலில் கால் வைத்து அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. நீச்சல் தெரியாதவன்.

அன்று காலை வற்றம், கடல் தண்ணீர் இறங்கியிருந்தது. பச்சையம்மா வழக்கம்போலப் பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். கடல் பக்கக் கழியைப் பிடுங்கி, தெற்கே இருபது அடி தள்ளி நட்டாள். அங்கே புதுத் திட்டு ஒன்று தண்ணீருக்கு அடியில் முதுகு வளைத்துக் கிடந்தது. அதில் மூக்கு குத்தினால் அடுத்து வருகிற அலை படகைப் புரட்டிவிடும். தீவுக்காரர்கள் மீன் மாதிரி நீந்துகிறவர்கள், ஒருவன் மட்டும்தான் முழுகுவான் என்று அவள் நினைத்தாள்.

படகு வந்தது. நடுவில் மூட்டைகளின் மேல் பட்டுத் தலைப்பாகையோடு வீரராகவன். அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான். அவளும் கையைத் தூக்கினாள். பின்னால் நின்று சுக்கான் துடுப்பைப் பிடித்திருந்த கர்த்தா இரண்டு கழிகளையும் ஒரு கண்ணால் சேர்த்துப் பார்த்தான். ஒரு நொடி தயங்கினான். பிறகு அவளை நம்பிப் படகைத் திருப்பினான்.

மூக்கு குத்தியது. அலை வந்தது. கயிறு போட்டுத் தைத்த அந்தப் பெரிய படகு ஆமையைப் போலக் குப்புற விழுந்தது.

பச்சையம்மா தண்ணீரில் நின்றபடியே தலைகளை எண்ணினாள். பட்டுத் தலைப்பாகை மிதந்து போனது. தலையைக் காணவில்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. மூழ்குடா, உப்புத் தண்ணியைக் குடிடா என்று பல்லைக் கடித்தாள். அப்போது கர்த்தா முங்கினான். எழுந்தபோது அவன் கையில் துபாஷியின் குடுமி இருந்தது. இழுத்துக்கொண்டு கரைக்கு நீந்தினான். எல்லோரும் அங்கே ஓடிய நேரத்தில் அவள் கழியைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டுவிட்டாள்.

கரையேறியதும் வீரராகவன் வாந்தி எடுத்தான், உயிரோடு இருந்தான். சூரோவைத்தான் காணவில்லை. படகின் விளிம்பு மண்டையில் அடித்திருந்தது. மத்தியானத்துக்கு மேல் பிணத்தைத் தூக்கிவந்தார்கள்.

மறுநாள் கோட்டையில் விசாரணை. வெகுமதியும் சரக்கும் போன கோபத்தில் கோட்டைத் தலைவன் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான். துபாஷியே குற்றம் சாட்டுகிறவனாக இருந்ததால் மொழிபெயர்க்க வேறொருவன் நின்றான். வீரராகவன் சொன்னான்: "குடிச்சிட்டுப் படகு ஏறினாங்க." அதே வார்த்தை. பச்சையம்மாவுக்கு உடம்பு முழுக்க எரிந்தது.

வெளியே தருமனும் குப்பமும் காத்திருந்தார்கள். உள்ளே போகும்முன் தருமன் அவள் காதோடு சொல்லியிருந்தான். "ஆமா, குடிச்சிருந்தாங்கனு சொல்லிடு. பதினாலு பேரையும் துரத்திடுவாங்க. மொத்த வேலையும் நமக்கு."

"கழி சரியாக இருந்ததா?" என்று அவளிடம் கேட்டார்கள்.

"சரியாத்தான் இருந்தது. போய்ப் பாருங்க, இன்னமும் அங்கேதான் இருக்கு."

"அப்படியானால் படகு ஓட்டியவர்கள் தப்பா?"

பச்சையம்மா வீரராகவனைப் பார்த்தாள். அவன் இலேசாகத் தலையை அசைத்தான், சொல்லு என்பதுபோல.

"அவங்க சரியாத்தான் ஓட்டினாங்க. அலையைப் பார்த்ததும் துபாஷி ஐயா பயந்து எழுந்துட்டாரு. பின்னால பாஞ்சு சுக்கான் துடுப்பைப் புடிச்சு இழுத்தாரு. படகு திரும்பிடுச்சு. தண்ணிக்குள்ள நின்னு என் கண்ணால பார்த்தேன்."

"பொய்! பொய் சொல்றா!" வீரராகவன் கத்தினான். அதுவரை அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"ஐப்பசியிலயும் இவரு அவசரத்தாலதான் சரக்கு போச்சு. என் புருஷன் வாழ்க்கையில கள்ளைத் தொட்டதில்ல" என்றாள். அது பொய்யில்லை.

கோட்டைத் தலைவன் கர்த்தாவைக் கேட்டான். கர்த்தா வெகுநேரம் அவளையே பார்த்தான். கழி மாறியது அவனுக்குத் தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது.

"சரி. துடுப்பைப் பிடிச்சான்" என்றான் கர்த்தா.

வீரராகவனின் துபாஷி வேலை அன்றோடு போனது. வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். பொன்னேரிக்குப் போகப் பல்லக்குத் தூக்க ஊரில் ஓர் ஆள் வரவில்லை. பெண்டு பிள்ளைகளை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டு அவன் பின்னால் நடந்தான். பச்சையம்மா தெருமுனையில் நின்றிருந்தாள்.

"பல்லக்குக்கு ஆள் கிடைக்கலியா சாமி? நாகப்பட்டணத்துல சும்மா குந்திக்கினு இருக்காங்களாம். கூப்பிட்டா ஓடி வருவாங்களாம்!" என்று தெருவே கேட்கச் சொன்னாள்.

அவன் தலை நிமிரவில்லை. வண்டி மறையும்வரை அவள் நின்று பார்த்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டாள்.

படகு வேலையில் பாதி குப்பத்துக்கு வந்தது. மறுபாதி, அடுத்த கப்பல் வரும்வரை தீவுக்காரர்களுக்கு என்று ஏற்பாடு. தருமனுக்கு ஆறவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முழுசும் வந்திருக்கும். எதிரியைக் காப்பாத்தினே" என்றான்.

"என் புருஷனைக் கொன்னவன் அவங்க இல்ல மாமா."

அதன்பிறகு தருமன் அவளோடு பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து, அவள் இறால் தடவிக்கொண்டிருந்தபோது கர்த்தா தண்ணீரில் இறங்கி வந்தான்.

"கழி மாத்தினது நீ."

"ஆமா."

"எதுக்கு?"

ஐப்பசியில் நடந்ததை அவள் சொன்னாள்.

"உன் ஆள் ஒருத்தன் செத்தான். எங்க ஆள் ஒருத்தன் செத்தான். துபாஷி உயிரோட போயிட்டான்" என்றான்.

"நீ ஏன் அவனைத் தூக்கினே? தண்ணியிலயே விட்டிருக்கலாமே?"

"தண்டல் தூக்கணும். யாரா இருந்தாலும்." "சூரோவுக்குப் பெண்சாதி உண்டு. நான் ஊர் போனா கேப்பா. நான் என்ன சொல்ல?"

பச்சையம்மா பறியை வாயிலிருந்து எடுத்தாள். துபாஷியின் முகத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் கை முறுக்கியது. அவனுக்குச் செய்ததைப் பற்றி வருத்தமில்லை. ஆனால் அந்த நரைத்த தலை "இறால்" என்று கத்தியது மட்டும் சில நாளாகக் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"என் பேரைச் சொல்லு. கோட்டைக்குப்பத்துப் பச்சையம்மா கொன்னாள்னு சொல்லு. யாரைச் சபிக்கணும்னு தெரியாம இருக்கறது ரொம்பக் கஷ்டம்" என்றாள்.

கர்த்தா அவள் பெயரை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தான். சரியாக வரவில்லை. அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். இரண்டாவது தடவை சரியாகச் சொன்னான்.

சித்திரையில் கப்பல் வந்தது. தீவுக்காரர்களை ஏற்றிவிடத் தருமன் படகு எடுத்தான். முகத்துவாரத்தில் பச்சையம்மா நட்டிருந்த கழிகளை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் துடுப்பைப் போடச் சொன்னான்.