கட்டி விழுந்த ஈரல்

ஆட்டைத் தோலுரித்துக் குடலை ஒரு பக்கமும் ஈரலை ஒரு பக்கமுமாகப் பிரித்துப் போடுவது அந்தக் கறிக்கடைக்காரருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஈரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளையாக ஒரு நீர்க்கட்டி தென்பட்டால் மட்டும் கத்தி நிற்கும். அதை வாடிக்கையாளர் தலையில் கட்டும் புத்தி அவருக்குக் கிடையாது. அறுத்து, வாசலில் வாலாட்டி நிற்கும் கடை நாய்க்கு வீசிவிடுவார்.

"வாயில்லாத ஜீவன், தின்னுட்டுப் போகட்டும்" என்பார். அந்த நேர்மையில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவருடைய ஒன்பது வயது மகளுக்கு அந்த நாய் என்றால் உயிர். பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டு அதைக் கட்டிக்கொள்வாள். அதே கையோடு ரொட்டியைப் பிய்த்துத் தின்பாள். யாரும் அதட்டியதில்லை.

சில மாதங்களாக வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தாள். "மட்டம் போடறதுக்கு நல்ல சாக்கு கண்டுபிடிச்சிருக்கே" என்று சிரித்தார் அப்பா. வலது விலாவுக்குக் கீழே வயிறு உப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அவர் வாய் திறப்பதற்குள் கறிக்கடைக்காரர் படத்தருகே குனிந்தார். அந்த உருண்டை அவருக்குப் புதியதல்ல.

"இது ஈரல் கட்டிதானேம்மா? ஆட்டுக்கு வருமே, அது..."

"அதேதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் அறுத்து நாய்க்குப் போடறேனே!"

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். "அந்தக் கட்டிக்குள்ள புழுவோட குஞ்சுங்க இருக்கு. நாய் தின்னா அதோட குடல்ல வளர்ந்து முட்டை போடும். முட்டை நாயோட மலத்துல வந்து, மண்ணுல, ரோமத்துல ஒட்டிக்கும். அங்கிருந்து கை, கையிலேர்ந்து வாய். உங்க பொண்ணு ஈரல்ல பல வருஷமா சத்தமில்லாம வளர்ந்திருக்கு."

"எடுத்துடலாம் இல்லம்மா?"

"முதல்ல மாத்திரை, அப்புறம் ஆபரேஷன். உள்ளயே உடைஞ்சா உயிருக்கே ஆபத்து. அடிபடாமப் பாத்துக்குங்க. இப்போதைக்கு என்னால இவ்வளவுதான் சொல்ல முடியும்."

அவர் மனைவி மகளின் வயிற்றின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை கறிக்கடை வரிசையில் பக்கத்துக் கடைக்காரர் கட்டி விழுந்த ஈரலைத் தெருவில் வீசினார். இவர் பாய்ந்து, நாயின் வாயிலிருந்து அதைப் பிடுங்கினார். வரிசையே சிரித்தது.

"பைத்தியமா பிடிச்சிருக்கு? காலங்காலமா போடறோம், யாருக்கு என்ன ஆச்சு?"

"எனக்கும் ஒண்ணும் ஆகல அண்ணே. என் பொண்ணுக்குத்தான் ஆச்சு."

சிரிப்பு அடங்கியது. அவர் கையிலிருந்த ஈரலைத் தூக்கிக் காட்டினார்.

"இதை நாய்க்குப் போடாதீங்க. எரிச்சிடுங்க, இல்ல நாய் தோண்ட முடியாத ஆழத்துல புதைங்க. கால்நடை டாக்டரக் கேட்டு நாய்க்குத் தவறாமப் பூச்சி மருந்து குடுங்க. நாயைத் தொட்ட கைய சோப்புப் போட்டுக் கழுவாமப் பிள்ளைங்கள சாப்பிட விடாதீங்க. ஊரார் பிள்ளைங்க தின்னுடக் கூடாதுன்னு பாத்துப் பாத்து ஒதுக்குனேன் அண்ணே. அதை என் பிள்ளைக்கு நானே ஊட்டியிருக்கேன்."