எட்டாத லென்ஸ்

கண்ணாடிக்காரர் எடுத்த பறவைப் படங்களில் பறவையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வானம் இருக்கும், மரம் இருக்கும், மின்கம்பி இருக்கும், கம்பியின் மேல் எங்கோ ஒரு புள்ளி இருக்கும். அதுதான் மீன்கொத்தி என்று அவர் சத்தியம் செய்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் காமிராவோடு கூடும் கூட்டத்தில் அவருக்குப் 'பெரும்புள்ளி' என்றே பெயர். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற ஆசாமிக்குத் தன் காமிராவுக்கு ஒரு நல்ல லென்ஸ் மாட்ட வக்கில்லை என்பது அவருக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது.

பெரிய லென்ஸுக்கென்று அவர் வருஷக்கணக்காகச் சேர்த்த பணம் மனைவியின் முதுகெலும்புக்குப் போய்விட்டது. தபால் ஆபீஸ் படியில் யாரோ கொட்டிவைத்த தண்ணீரில் கால் வைத்து விழுந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். நல்லபடி என்றால் மாதக்கணக்கில் மல்லாந்து படுத்தபடி என்று அப்போது புரியவில்லை.

கண்ணாடிக் கடைக் கவுண்டரில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாயடித்துக்கொண்டிருந்தவள் அவள். படுக்கைக்கு வந்த பிறகு பேச்சு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. முதலில் சண்டை போடுவதை நிறுத்தினாள். பிறகு கேட்டதற்குப் பதில் சொல்வதை நிறுத்தினாள். ஊட்டினால் நாலு வாய், அதற்கு மேல் உதட்டைத் திறக்க மாட்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடப்பாள். கீழ் வீட்டிலிருந்து வந்து கவனித்துக்கொள்ளும் அவளுடைய அக்கா ஒருநாள் சமையலறையில் வைத்து, "இவ பொழைக்கணும்னு நெனைக்கலைங்க. நீங்க ஏதாவது பண்ணுங்க," என்று அழுதாள்.

கடைசியில் ஏதாவது பண்ணியது அவரில்லை, ஒரு பறவை.

ஒரு காலை அவர் கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "இங்க வாங்க. அந்த மரத்துல மஞ்சளா ஒன்னு போச்சு. என்னது அது?"

பல வாரங்களுக்குப் பிறகு அவள் முழுசாகப் பேசிய வாக்கியம் அது. அவர் செருப்போடு ஓடினார். அவள் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. பின் சந்துக்கு அப்பால் பூட்டிக் கிடக்கும் கிடங்கு, அதன் தகரக் கூரை, கூரைக்குப் பின்னால் ஒரு பெரிய மரம். அதில் மாங்குயில் ஜோடி ஒன்று கூடு கட்டிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு வேலை வந்துவிட்டது. சாயங்காலம் அவர் வீடு திரும்பியதும் பறவையின் அன்றாடச் செய்தி முழுவதும் ஒப்பிப்பாள். நார் கொண்டுவந்தது, கீழே விழுந்தது, திரும்ப எடுத்துப் போனது. மஞ்சக்காரி என்று பெயர் வைத்திருந்தாள்.

"நல்ல மஞ்சளா இருக்கறது ஆண். பொண்ணு கொஞ்சம் பச்சையா, மங்கலா இருக்கும்," என்று அவர் திருத்தினார்.

"பளபளன்னு திரியறது ஆம்பளையா? வேல செய்யறது யாருன்னு நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்," என்றாள். அன்று அவள் தட்டைக் காலி செய்தாள். அக்கா மறுபடி சமையலறையில் போய் அழுதாள்.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். மனிதனுக்குச் சும்மா இருக்கத் தெரிந்தால்தானே.

ஜன்னலிலிருந்து கூட்டின் ஓரம் மட்டும்தான் தெரியும். முன்னால் ஒரு கொப்பு இலையும் தழையுமாகத் தொங்கி மற்றதை மறைத்தது. ஒருநாள் அவள், "குஞ்சு பொரிச்சிருச்சு போல. ரெண்டும் மாத்தி மாத்தி எதையோ கொண்டுவருது. வாய் எப்படி இருக்கும், சிவப்பா?" என்று கேட்டாள். "இரு, படம் எடுத்துக் காட்டறேன்," என்றார் அவர். சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று.

முதலில் கையிலிருந்த லென்ஸால் முயன்றார். முந்நூறு மில்லிமீட்டர், அதற்கு மேல் ஒரு மயிரிழை கூட நீளாது. கூடு கடுகளவு விழுந்தது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவில் மாட்டுகிற கன்வெர்ட்டர் ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்தார். தூரம் கூடியது, வெளிச்சம் குறைந்தது. பறவை ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தது போல வந்தது. பிறகு யாரோ தலைமுழுகிய ஓர் ஐந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ் வந்தது, உள்ளே பூஞ்சையோடு. கடையில் வைத்துப் பதமாகத் துடைத்தெடுத்தார். அதைக் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், திருப்பி முடிப்பதற்குள் பறவை போய்விடும். போகாமல் உட்கார்ந்தாலும், வெயில் ஏறியதும் தகரக் கூரையிலிருந்து கிளம்பும் அனலில் படம் முழுவதும் நெளிந்தது. கடைசியில் ஒரு பைனாகுலருக்குப் பின்னால் செல்போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். அதில் கறுப்பாக ஒரு கிணறு தெரிந்தது, கிணற்றின் அடியில் ஒரு புள்ளி.

எல்லாவற்றையும் அவளிடம் காட்டினார். அவள் செல்போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "இதுல எது பறவை, எது தூசி?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "பெரிய லென்ஸ் இருந்தா இந்நேரம் எடுத்திருப்பீங்க. எல்லாத்தையும் என் முதுகுல போட்டுட்டீங்க."

"உன் முதுகை விட லென்ஸா பெரிசு?"

"பெரிசில்லதான். ஆனா உங்க ஆசையாச்சே." செல்போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். "விடுங்க. எனக்குக் கண்ணுக்குத் தெரியறதே போதும்."

அந்தக் கடைசி வாக்கியம் அவர் காதில் விழவேயில்லை. முதுகைப் பற்றிச் சொன்னது மட்டும் முள்ளாகத் தைத்து நின்றது. லென்ஸ் இல்லாமலே எடுத்துக் காட்டிவிட்டால் அவளுக்கு அந்தக் குற்ற உணர்ச்சி போய்விடும் என்று நினைத்தார். நல்லெண்ணம்தான்.

கேட்டு வாங்க ஓரிடம் இருந்தது. ஏரிக்கரைக் கூட்டத்தில் பல் டாக்டர் ஒருவரிடம் பீரங்கி மாதிரி லென்ஸ் உண்டு. ஆனால் போன வருஷம் அந்த டாக்டர் ஒரு கூட்டைச் சுற்றியிருந்த இலையையெல்லாம் கத்தரித்துவிட்டுப் படம் எடுத்தது தெரிந்து, நாலு பேர் நடுவில் அவரை விளாசியவர் நம் கண்ணாடிக்காரர்தான். "கூட்டுக்கு முன்னால இருக்கற இலை அதோட கதவு, டாக்டர். உங்க வீட்டுக் கதவைக் கழட்டிட்டுப் போட்டோ எடுக்க விடுவீங்களா?" என்று கேட்டார். கூட்டமே கைதட்டியது. டாக்டர் அதற்குப் பிறகு ஏரிக்கரைக்கு வரவில்லை. அவரிடம் போய் இப்போது எந்த முகத்தோடு லென்ஸ் கேட்பது?

கேட்டிருக்கலாம். திட்டிவிட்டாவது கொடுத்திருப்பார்.

மனைவியின் தம்பி மின்வாரியத்தில் லைன்மேன். கம்பியில் உரசும் கிளைகளை வெட்ட நீளக் கழியில் கத்தி கட்டிய வெட்டுக்கோல் ஒன்று அவனிடம் உண்டு. கிடங்குக் காவலாளியும் அவனுக்குப் பழக்கம். அவளை ஸ்கேனுக்காக ஆம்புலன்ஸில் கொண்டுபோன காலையில், "கடையில ஆள் இல்ல, நீங்க கூடப் போங்க," என்று அக்காவை ஏற்றிவிட்டு, கண்ணாடிக்காரர் மைத்துனனோடு தகரக் கூரை மேல் ஏறினார்.

அங்கிருந்து மரம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. முந்நூறு லென்ஸே தாராளம். குறுக்கே நின்றது அந்தக் கொப்பு ஒன்றுதான்.

"இதை மட்டும் எடுத்தாப் போதுமா மாமா? பறவைக்கு ஒன்னும் ஆகாதே?"

"ரெண்டு கொத்து இலை. என்ன ஆகப் போகுது?" என்றார். வாய் சொல்லும்போதே டாக்டரின் முகம் நினைவுக்கு வந்தது. அதைத் தள்ளிவிட்டார். டாக்டர் செய்தது பெருமைக்காக, தான் செய்வது பெண்டாட்டிக்காக என்று ஒரு நியாயமும் தயாராக இருந்தது.

கொப்பு விழுந்தது. கூடு திறந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள், கழுத்தை நீட்டிக்கொண்டு. தாய்ப்பறவை கொஞ்ச நேரம் கத்திச் சுற்றிவிட்டு, பசிக்கிற வாய்களைப் பார்த்துப் பொறுக்காமல் வந்து அமர்ந்தது. அவர் அழுத்திய படங்களில் ஒன்று அப்படியே விழுந்தது. தாயின் சிவந்த கண், அலகில் பச்சைப் புழு, மூன்று சிவந்த வாய்கள். அவர் வாழ்நாளில் எடுத்ததில் முதல்முறையாகப் பறவை புள்ளியாக இல்லை. கூரை மேலேயே அவருக்குக் கண் கலங்கியது.

ஸ்கேனில் நல்ல செய்தி. எலும்பு கூடிவிட்டது, இடுப்புப் பட்டை போட்டு வரும் வாரம் உட்கார வைக்கலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அதைச் சொல்லும்போதே அவர் பெரிதாக அச்சுப் போட்ட படத்தை நீட்டினார். அவள் மார்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"சிவப்புதான்," என்றாள். "ஏது லென்ஸ்?"

"ஒருத்தர் குடுத்தார்."

"உங்களுக்கும் ஆள் இருக்காங்க." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "என்ன, முன்னால இருந்த கொப்பக் காணோம்?"

"காத்து."

"உக்காந்தா இன்னும் நல்லாத் தெரியும், இல்ல?" என்று மட்டும் கேட்டாள். இடுப்புப் பட்டையை அன்றே வாங்கிவரச் சொன்னாள்.

பட்டை வந்து கட்டிலின் தலைமாட்டில் தொங்கியது. நாளைக்கு உட்கார வேண்டும் என்கிற நிலையில், முதல் நாள் மதியம் கடைக்கு அக்காவின் போன் வந்தது. "ஒடனே வாங்க. கத்திக் கத்தித் தொண்டை போயிருச்சு அவளுக்கு. என்னன்னு சொல்ல மாட்டேங்கறா."

அவர் அறைக்குள் நுழைந்தபோது தரையெல்லாம் தண்ணீர். ஜன்னல் கம்பியின் கீழே டம்ளர் நசுங்கிக் கிடந்தது, பக்கத்தில் அவளுடைய கண்ணாடி, செல்போன். கைக்கு எட்டியதையெல்லாம் எறிந்திருக்கிறாள். ஒன்றும் ஜன்னலைக்கூடத் தாண்டவில்லை.

"காக்கா," என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "ரெண்டு வந்துச்சு. ஒன்னு தாயை வெரட்டிக்கிட்டே இருந்துச்சு, இன்னொன்னு கூட்டுக்குள்ள. அக்கா கடைக்குப் போயிருந்தா. நான் கத்தறேன், அதுங்க திரும்பிக்கூடப் பாக்கல."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "காக்கா வர்றது எப்பவும் நடக்கறதுதான்..." என்று ஆரம்பித்தார்.

"அந்தக் காக்கா தெனமும் அதே மரத்துலதான் உக்காரும். நான் பாத்துக்கிட்டுதானே கெடக்கேன். இத்தன நாள் அதுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. எனக்கே ஓரம்தானே தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "படத்த எங்கிருந்து எடுத்தீங்க?"

பொய் சொல்ல இடமிருந்தது. "கிடங்குக் கூரையிலேர்ந்து. என் லென்ஸுலதான்."

"கொப்பு?"

"தம்பிய வெட்டச் சொன்னேன். நாந்தான் சொன்னேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பார். அவள் நிதானமாக, கவுண்டரில் நின்று ஒருவருக்கு விவரம் சொல்வது போலச் சொன்னாள். "மூணாவது குஞ்சு கூட்டு ஓரத்துல ஒட்டிக்கிட்டுக் கொஞ்ச நேரம் இருந்துச்சு. வாயத் தெறந்தே வெச்சிருந்துச்சு. காக்காவ அம்மான்னு நெனச்சுக்கிச்சோ என்னமோ. எல்லாம் நல்லாத் தெரிஞ்சுதுங்க. ஒன்னு விடாமத் தெரிஞ்சுது. படத்துல தெரிஞ்ச மாதிரியே."

அக்கா வந்து தரையைத் துடைத்தாள். பேச்சை மாற்ற நினைத்துப் பட்டையை எடுத்துத் தங்கையின் பக்கத்தில் வைத்தாள். "நாளைக்குக் காலையில உக்காரணுமாம், நெனவிருக்கா?"

"எதுக்கு?" என்றாள் அவள்.

அவள் தலைமாட்டிலிருந்த படத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பிறகு மெல்ல, கழுத்து வலிக்காமல், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் திரையை மூட எழுந்தார். சந்துக்கு அப்பால், கூரைக்கு மேலே, மரத்தில் கூடு தொங்கியது. காற்றில் லேசாக ஆடியது. அதைப் பார்க்க அவருக்கு எந்த லென்ஸும் வேண்டியிருக்கவில்லை.